ஆச்சி கேட்ட மிச்சம் பதினொன்று

போன மாதம் காரைக்குடிக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி ஒரு டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேரனுக்காக மகன் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய புரத மாவு. ‘9 அத்தியாவசிய அமினோ அமிலங்கள் அடங்கியது’ என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆச்சி அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி. லேசில் விடமாட்டார்.

“தம்பி, அமினோ அமிலம் மொத்தம் இருபதுன்னு பேரன் புத்தகத்துல இருக்கு. அதுல ஒம்பதுதான் அத்தியாவசியமாம். அப்ப மிச்சம் பதினொண்ணு வெட்டியா?”

நல்ல கேள்வி. புரதத்தைக் கட்டும் செங்கல்கள்தான் அமினோ அமிலங்கள். குழப்பத்துக்குக் காரணம் ‘அத்தியாவசியம்’ என்ற அந்தச் சொல்தான். ‘அத்தியாவசியப் பொருள்’ என்றால் ரேஷன் கடை ஞாபகம் வருகிறது. இல்லாமல் முடியாது, ரொம்ப முக்கியம் என்று எடுத்துக்கொள்கிறோம். சத்துணவு அறிவியலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். உடம்புக்கு வேண்டும், ஆனால் உடம்பால் செய்துகொள்ள முடியாது, அல்லது போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அப்படிப்பட்டதுதான் அத்தியாவசியச் சத்து.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடு கட்டியவர்கள் தேக்கைப் பர்மாவிலிருந்து கொண்டுவந்தார்கள், பளிங்கை இத்தாலியிலிருந்து. சுவர்ப் பூச்சுக்கு மட்டும் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று பக்கத்திலேயே கிடைப்பதை வைத்துக் குழைத்துக்கொண்டார்கள். (அத்தனை நல்ல புரதமும் சுவருக்குப் போயிருக்கிறது என்று எனக்கு எப்போதுமே ஒரு ஆதங்கம்.) தேக்கு முக்கியமா, சுண்ணாம்பு முக்கியமா? வீடு நிற்க இரண்டும் வேண்டும். தேக்குக்குக் கப்பல் வரவேண்டும், சுண்ணாம்புக்கு வரவேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். டின்னில் இருந்த 9 கப்பல் சரக்கு. ஆச்சி கேட்ட 11 உள்ளூர்ச் சரக்கு.

இந்தக் கணக்கில் பார்த்தால் சர்க்கரையே அத்தியாவசியச் சத்து இல்லை. மூளை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. ஆனாலும் ஒரு வேளை பட்டினி கிடந்தால் யாரும் மயங்கி விழுவதில்லை. கல்லீரல் முதலில் தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துக் கொடுக்கும். அது தீர்ந்தால் அமினோ அமிலங்களையும் கொழுப்பிலிருந்து வரும் கிளிசராலையும் வைத்துப் புதிதாகவே குளுக்கோஸ் செய்துவிடும். அது இல்லாமல் மூளை ஓடாது என்பதால்தான், சாப்பாட்டை நம்பியிராமல் உடம்பு அதற்கென்று சொந்தப் பட்டறையே வைத்திருக்கிறது.

கப்பலில் வந்தே ஆகவேண்டியவை ஏறத்தாழ 40. தண்ணீர், 9 அமினோ அமிலங்கள், 2 கொழுப்பு அமிலங்கள், 13 வைட்டமின்கள், பதினைந்து சொச்சம் தாதுக்கள். எல்லாவற்றையும் இங்கே சொல்லி முடியாது. ஆச்சி கேட்டது அமினோ அமிலம் என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் என்ற வேதியியலாளர், 1930களில் எலிகளுக்குப் புரதமே இல்லாமல் தனித்தனி அமினோ அமிலங்களைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். அப்போது தெரிந்த அத்தனையையும் போட்டும் எலிகள் வளரவில்லை. இன்னும் ஏதோ ஒன்று குறைகிறது என்று தேடித்தான் திரியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்தார். பிறகு மாணவர்களுக்கே அந்தக் கலவையைக் கொடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். புரதத்தில் நைட்ரஜன் உண்டு. அத்தியாவசியமான ஒன்றை நிறுத்தினால், உள்ளே போகும் நைட்ரஜனைவிடச் சிறுநீரில் வெளியேறுவது அதிகமாகிவிடும். உடம்பு தன் தசையைத் தானே உடைக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றே ஒன்று குறைந்தால் ஏன் மொத்தமும் கெடுகிறது? தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று சிமென்ட் சாந்தை ஊற்றுவார்கள். மஞ்சள் தீர்ந்துபோனால் சிவப்பும் பச்சையும் வாளி வாளியாக இருந்தும் அந்தக் கல்லை முடிக்க முடியாது. கரைத்த சாந்தை நாளைக்கு என்று எடுத்துவைக்கவும் முடியாது, இறுகிவிடும். செல்லுக்குள் புரதம் கட்டப்படுவதும் ஏறக்குறைய இப்படித்தான். மரபணு கொடுத்த அச்சில் இந்த இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் என்று இருந்தால் லைசின்தான் வரவேண்டும், வேறொன்றை வைத்து ஒப்பேற்ற முடியாது. அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து வைக்க உடம்பில் களஞ்சியமும் கிடையாது. மிஞ்சியது உடைக்கப்பட்டு, அதன் நைட்ரஜன் யூரியாவாக வெளியே போகிறது.

நம் அரிசியில் தீர்ந்துபோகும் மஞ்சள், இந்த லைசின்தான். 100 கிராம் புரதத்தில் 4.5 கிராம் லைசின் இருக்கவேண்டும் என்பது பெரியவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அரிசிப் புரதத்தில் அது 4 கிராமை ஒட்டித்தான் நிற்கிறது. உளுந்தில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் என்ற இன்னொரு அத்தியாவசிய அமினோ அமிலம் குறைவு. அரிசியில் மெத்தியோனின் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்து ஆட்டினால்? குழிப்பணியாரம். வறுத்த உளுந்தோடு பாசிப்பருப்பும் கொஞ்சம் அரிசியும் அரைத்து, கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிண்டினால் கும்மாயம். அமினோ அமிலம் என்ற பெயரே தெரியாமல் செய்ததுதான், ஆனால் கணக்கு சரியாக வருகிறது. இரண்டும் ஒரே வேளையில் சேரவேண்டும் என்றுகூட இல்லை, அன்றைக்குள் உள்ளே போனால் போதும்.

“அப்ப இந்த டின்னு?” என்றார் ஆச்சி. அதிலும் அதே 9 தான், கெடுதல் ஒன்றும் இல்லை. பேரன் தினமும் முட்டை தின்கிறான். அதில் ஒன்பதும் இருக்கிறது, விலையும் கட்டுப்படி.

கொழுப்பு அமிலம் இரண்டைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியதில்லை. லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் ஏராளம். ஆல்ஃபா லினோலெனிக் என்ற மற்றது நல்லெண்ணெயில் மிகக் குறைவு. அதிலிருந்து உடம்பு சிரமப்பட்டுச் செய்துகொள்ளும் ஒமேகா 3 கொழுப்புகள் மத்தி, அயிலை போன்ற மீன்களில் செய்த பண்டமாகவே கிடைக்கின்றன. தொண்டிக் கடற்கரை நமக்குப் பக்கம்தான்.

வைட்டமின்களில் எனக்குப் பிடித்த கதை சி. ஆடு, மாடு, நாய் எல்லாம் தங்கள் கல்லீரலிலேயே குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி செய்துகொள்கின்றன. நமக்கும் அதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. கடைசிப் படிக்கு வேண்டிய நொதி வராது. பழம் தின்று திரிந்த முன்னோர்களுக்கு அது கெட்டதே தெரிந்திருக்காது. ஆக, ஆட்டை அடித்துச் சுக்கா வறுவல் போடும் நாம், அந்த ஆடு சும்மா செய்ததைச் செய்ய முடியாமல் நெல்லிக்காய் தேடுகிறோம்.

தயமின் என்ற வைட்டமின் பி1 கதை அரிசி ஆலையில் இருக்கிறது. இன்றைய ஜகார்த்தா அன்று பதாவியா. அங்கே 1890களில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகளுக்குக் கால் துவண்டு, மனிதருக்கு வரும் பெரிபெரி என்ற நரம்பு நோயைப் போன்ற ஒன்று வந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட, தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டோடு போன பொருள் தயமின் என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தயமின் இல்லாவிட்டால் குளுக்கோஸை முழுதாக எரிக்க முடியாது, நரம்பும் இதயமும் முதலில் அடிவாங்கும். உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். (பி12 அப்படியல்ல, கல்லீரலில் வருடக்கணக்கில் தங்கும்.)

கவுனி அரிசி தீட்டாமல் வருவதால் தவிடு அதோடு வருகிறது. கறுப்பு நிறமே அந்தத் தவிட்டில்தான். புதுவயல் ஆலைகளில் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலிருக்கும் தயமினில் ஒரு பங்கு தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் முழுதாகப் போகாது. புழுங்கலரிசிக்காரர்கள் தப்பித்தது இதனால்தான். பச்சரிசியைக் களைந்தால் மிச்ச மீதியும் கழுவிய தண்ணீரில் போய்விடும், நாம் அந்தத் தண்ணீரிலேயே வெண்டைக்காய் மண்டி என்ற குழம்பை வைத்துவிடுகிறோம்! அதில் புளி வேறு இருக்கிறது. புளிப்பில் தயமின் சூட்டைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

வைட்டமின் டியை உண்மையில் கப்பல் சரக்கு என்று சொல்வதே தப்பு, வெயில் பட்டால் தோலே செய்துகொள்ளும். மாடியில் வத்தல் போடும் ஆச்சிக்குக் கவலையில்லை. வீட்டுக்குள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெயில் மட்டும் உதவாது, அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கடைசியாக இரும்பு. அது தனிமம், எந்த உயிராலும் செய்ய முடியாது. வந்ததை உடம்பு கருமித்தனமாகப் பார்த்துக்கொள்கிறது. பெரியவர் உடம்பில் இருப்பது மொத்தம் 3, 4 கிராம். சிவப்பணு சுமார் 120 நாளில் உடைந்ததும், பழைய வீட்டைப் பிரித்தால் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போவதைப் போல, அதன் இரும்பு புதுச் சிவப்பணுவுக்குப் போகிறது. இப்படித் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் சுற்றுகிறது. வெளியிலிருந்து சேரவேண்டியது 1, 2 மில்லிகிராம்தான். ஆனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பில் மிகச் சிறிய பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாக ஏறும், டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆச்சியின் மருமகள் டீ கொண்டுவந்தார். அவர்கள் வீட்டில் முருங்கைக்கீரை பொரியலோடு சாப்பிட்டுக் கை கழுவிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “அப்ப நாலு மணிக்குக் குடிங்க தம்பி” என்று ஆச்சி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.