நியூட்ரலில் இறக்காதீர்கள்: சின்ன கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மெக்கானிக்கின் புலம்பல்

போன வாரமும் ஒரு வண்டி வந்தது. 800 சிசி சின்ன கார். மலைப்பயணம் முடிந்து நேராகப் பட்டறைக்குத்தான் வந்திருக்கிறது. முன் சக்கரங்களைக் கழற்றினால் பிரேக் டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தன. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடில் சொரசொரப்பே இல்லை, வழவழவென்று பளபளத்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது. பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்தது. "பாதி இறக்கம் வரைக்கும் பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே, திடீர்னு பிடிக்கல" என்றார் வண்டிக்காரர். எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். "நியூட்ரல்தான். பெட்ரோல் மிச்சமாகுமே!"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வண்டியில் மலைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் எல்லோருமே ஏற்றத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். "இழுக்குமா?" இழுக்கும், சார். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1000 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எடையை மேலே தூக்க சுமார் 12 குதிரைத்திறன் போதும். காற்று, டயர், கியர்பாக்ஸ் தின்பதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 800 சிசி எஞ்சினிடம் இதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது. ஆனால் எஞ்சின் சுற்றினால்தான் அது கிடைக்கும். மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) வண்டியை முக்கவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால் கிடைக்காது. திணற ஆரம்பிப்பதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே செகண்ட், தேவைப்பட்டால் ஃபர்ஸ்ட். ஏசியை அணைத்தால் கூடுதலாகக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

மேலே போகப் போக வண்டி சோம்பலாவதும் இயல்புதான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் என்ற கணக்கில் திறன் குறையும். காற்றின் அடர்த்தி குறைந்தால் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைகிறது, அவ்வளவுதான். 2000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இது தெரியாமல் பெட்ரோல் கலப்படம் என்று சண்டை போட்டவர்களும், நல்ல பிளக்கைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டியவர்களும் உண்டு. கீழே இறங்கினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ஏற்றத்தில் கெடுவது பெரும்பாலும் கிளட்ச்தான். நெரிசலில் வண்டி நிற்கும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்து வண்டியைத் தொங்கவிடுகிறார்கள். அப்போது மூக்கில் ஏறும் காரமான வாடை உங்கள் கிளட்ச் பிளேட் எரியும் வாடை. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைப் போடுங்கள். கிளம்பும்போது எஞ்சின் பிடிப்பதைக் காலில் உணர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். சமதரையில் இதை நாலு முறை பழகிவிட்டுப் போனால் மலையில் பதற்றம் இருக்காது.

சூடு முள் மேலே ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகப் போட்டு, ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி கொடுக்கும் அழுத்தம்தான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதன் ரப்பர் வெடித்திருந்தால் அதுவும் இல்லை.

சரி, நியூட்ரலுக்கு வருவோம்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்தது. கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். இன்று நீங்கள் ஓட்டும் வண்டியில் கார்புரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, பெட்ரோல் தேவையில்லை. ஆர்பிஎம் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும்) அளவுக்குப் பக்கத்தில் இறங்கினால்தான் மறுபடி பெட்ரோல் விடும். நியூட்ரலில் போட்டால்? எஞ்சினைச் சுற்ற சக்கரம் இல்லை. அது அணைந்துவிடாமல் இருக்கத் தானே பெட்ரோல் எரித்துக்கொள்ள வேண்டும். ஆக, கியரில் இறங்கினால் பெட்ரோல் போகாது. நியூட்ரலில் இறங்கினால் போகும். நீங்கள் நம்புவதற்கு நேர் எதிர். மைலேஜ் காட்டும் டிஸ்ப்ளே உள்ள வண்டியில் இறக்கத்தில் இரண்டையும் செய்து பாருங்கள், தெரிந்துவிடும். பார்க்கிறது பக்கத்து சீட்டுக்காரராக இருக்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள்.

இன்னும் கெட்டிக்காரர்கள் சாவியையே திருப்பி அணைத்துவிட்டு உருட்டுகிறார்கள். எஞ்சின் நின்றால், உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீரிங்கும் போய்விடும். சாவியைக் கடைசிவரை திருப்பி உருவினால் ஸ்டீரிங் லாக் விழுந்துவிடும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

நியூட்ரலில் இறங்கினால் பிரேக்கின் தலையில் என்ன விழுகிறது என்று பாருங்கள். அதே 1000 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிவிடும் ஆற்றல் சுமார் 98 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் இருக்கும் 33 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சினையும் கழற்றிவிட்டுவிட்டால் மீதி அத்தனையும் சின்ன வண்டியின் சின்ன டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்க வேண்டும்.

அப்போது இரண்டு விதமாகப் பிரேக் போகும், வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. பெடல் கெட்டியாகவே இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது. பெடல் தொளதொளவென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 என்ற தரத்து ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறினபின் 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. வண்டி வாங்கியதிலிருந்து ஆயிலே மாற்றாதவர்கள் இந்த இரண்டாவது எண்ணோடுதான் மலைக்குப் போகிறார்கள்.

"கியரில் இறக்கினால் எஞ்சின் கத்துகிறதே, கெட்டுப்போகாதா?" என்பது அடுத்த கேள்வி. கத்தட்டும். சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை 3500, 4000 ஆர்பிஎம் அதற்கு ஒரு வேலையே இல்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது சரியான பாடம். சின்ன வண்டிக்கு அதையும்விடக் குறைந்த கியரைச் சொல்வேன். சிசி குறைந்தால் எஞ்சின் கொடுக்கும் பிடியும் குறைவு. பெரிய வண்டிக்காரர் மூன்றாவதில் இறங்கும் இடத்தில் உங்களுக்கு இரண்டாவது தேவைப்படும். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி என்று கியரைத் தானே மாற்றும் வண்டி வைத்திருப்பவர்களே, 'டி'யில் (டிரைவ்) விட்டுவிட்டு உட்காராதீர்கள். மேனுவல் மோடோ 'எல்' (லோ, அதாவது குறைந்த கியர்) நிலையோ இருக்கும், கிளம்பும் முன் கண்டுபிடித்து வையுங்கள்.

கியரை இறக்கம் தொடங்குமுன் போடுங்கள், வேகம் பிடித்தபின் அல்ல. பிரேக்கை வழி நெடுக லேசாகத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டு, அது ஆற நேரம் கொடுங்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் இடம் பார்த்து ஒதுங்கி அனுப்பிவிடுங்கள், அவர் அவசரம் உங்களுடையதாக வேண்டாம்.

பிரேக் போயே போய்விட்டால் எஞ்சினை அணைக்காதீர்கள். பிரேக் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப விட்டு விட்டு மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும்.

அப்புறம் பாரம். வெறும் 750 கிலோ வண்டியில் ஐந்து பெரியவர்களும் மூட்டை முடிச்சும் ஏறினால் 1100 கிலோவைத் தாண்டிவிடும். கூரை மேல் கட்டுவதைத் தயவுசெய்து குறையுங்கள், வளைவில் சாய்வது அதனால்தான். டயர் காற்று, முழு பாரத்துக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

கீழே வந்ததும் உடனே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்க வேண்டாம். சமதரையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டினால் காற்றிலேயே ஆறிவிடும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். வழியில் ஒரு முறையாவது பெடல் தொளதொளத்திருந்தால், ஆறினதும் சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஆவி தண்ணீராகி அதே குழாய்க்குள்தான் இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு முன் ஆயிலை முழுசாக மாற்றி, பேடைக் கழற்றி உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.