உறைவுக் கரைப்பு: த்ராம்போலிசிஸ் என்ற சொல்லும் கண்ணும்

இரத்தக் குழாயை அடைத்த உறைவை மருந்தால் கரைக்கும் சிகிச்சைக்கு த்ராம்போலிசிஸ் என்று பெயர். அது இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உண்டானது. த்ராம்போஸ் என்றால் உறைந்த திரள். இரத்தம் உறைந்தாலும் அந்தச் சொல்தான், பால் உறைந்து கட்டியானாலும் அந்தச் சொல்தான். லைசிஸ் என்றால் தளர்த்துதல், அவிழ்த்தல்.

இதைப் படித்ததும் எனக்கு வீட்டுச் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. ராத்திரி வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோரை விட்டு மூடி வைத்து, 'உறை ஊத்தியாச்சா?' என்று கேட்கிறோமே, அந்த உறைதான் இரத்த உறைவிலும் இருக்கிறது. காலையில் பாத்திரத்தைச் சாய்த்தால் தயிர் அசையாமல் நிற்கும். ஓடிய பொருள் நின்றுவிட்டது. பாலுக்கும் இரத்தத்துக்கும் ஒரே சொல்லைக் கிரேக்கரும் வைத்தார்கள், நாமும் வைத்திருக்கிறோம். அதனால் த்ராம்பஸ் (த்ராம்போஸின் மருத்துவ வடிவம்) என்பதற்கு 'உறைவு' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. 'இரத்தக்கட்டி' என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். கட்டி என்றதும் வீட்டில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் பயம் வந்துவிடுகிறது. அப்புறம் சொல்வது எதுவும் காதில் விழாது.

லைசிஸுக்குச் சிலர் 'சிதைப்பு' என்று எழுதுகிறார்கள். மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அது தவறில்லை. உறைவைப் பிடித்து வைத்திருப்பது ஃபைப்ரின் என்ற நார்வலை. ஆல்டிபிளேஸ் போன்ற மருந்து நம் இரத்தத்திலேயே இருக்கும் பிளாஸ்மினோஜனை பிளாஸ்மினாக மாற்றும். பிளாஸ்மின் அந்த நாரை அறுக்கும். ஆனாலும் 'சிதைப்பு' என்ற சொல்லில் ஏதோ உடைந்து நாசமாவது போன்ற ஒலி இருக்கிறது. 'அடைப்பைக் கரைக்கிற ஊசி' என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். ஆகவே என் தேர்வு 'உறைவுக் கரைப்பு'.

சரி, கண்ணுக்கு வருவோம். கழுத்தின் உள் கரோட்டிட் தமனியிலிருந்து ஒரு கிளை கண்ணுக்கு வருகிறது. அதிலிருந்து பிரியும் மெல்லிய குழாய் மைய விழித்திரைத் தமனி. (இலங்கைப் பாடநூல்களில் தமனியை 'நாடி' என்பார்கள்.) அது திடீரென்று அடைபட்டால் வலியே இல்லாமல் ஒரு கண்ணில் பார்வை போய்விடும். இந்த அடைப்பை 1859இல் முதலில் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே. உள்ளே பார்த்தால் விழித்திரை வெளுத்திருக்கும், நடுவில் மட்டும் செர்ரிப் பழம் போல ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் விழித்திரை மெலிந்திருப்பதால் பின்னாலுள்ள இரத்தப் படலத்தின் நிறம் தெரிகிறது.

என் பெரியப்பாவுக்கு இது வந்தது. காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், 'வலது கண்ணுல திரை விழுந்த மாதிரி இருக்கு' என்றார். வலி இல்லை, கண் சிவக்கவில்லை. புரையாக இருக்கும் என்று பெரியம்மா சொல்ல, தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் மாலைதான் கண் டாக்டரிடம் போனோம். டாக்டர் முதலில் கேட்டது, 'எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?'

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. கண் மருத்துவ ஆய்வாளர் சோகன் சிங் ஹேரே குரங்குகளில் செய்த சோதனைகளில், விழித்திரை சுமார் ஒன்றரை மணி நேரம் இரத்தம் இல்லாமல் தாங்கியது; 4 மணி நேரம் ஆனபோது மீளாத பெருஞ்சேதம் வந்துவிட்டது. அமெரிக்க இதய சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, பார்வை போய் நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, பலன் ஆபத்து இரண்டையும் பேசிய பிறகு ஆல்டிபிளேஸ் தருவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆபத்து என்றால் முக்கியமாக மூளையில் இரத்தக்கசிவு. அதனால் முதலில் மூளையை ஸ்கேன் எடுப்பார்கள்.

பலன் உறுதியா என்றால், இல்லை. 2010இல் வெளியான ஈகிள் என்ற ஐரோப்பிய ஆய்வில், 20 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குக் குழாய் செலுத்தி கண் தமனிக்கே மருந்து கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிடப் பார்வை மேம்படவில்லை, பக்கவிளைவு கூடியது. தாமதம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: அடைத்திருப்பது எப்போதும் உறைவு கிடையாது. கழுத்துத் தமனியிலிருந்து பிய்ந்து வந்த கொழுப்புத் துணுக்காகவும் இருக்கலாம், அதில் அறுக்க ஃபைப்ரின் இருக்காது. இப்படி மிதந்து வந்து அடைப்பதை எம்போலஸ் என்பார்கள். கிரேக்கத்தில் உள்ளே செருகிய அடைப்பு என்று பொருள். தமிழில் 'தக்கை' என்று சொன்னால் உடனே புரிகிறது. உறைவு கரையும், கொழுப்புத் தக்கை கரையாது என்று இரண்டு சொல்லில் சிகிச்சையின் எல்லையையே விளக்கிவிடலாம்.

சிலர் இதைக் 'கண் பக்கவாதம்' என்கிறார்கள். பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் செயலிழப்பது. கண்ணுக்கு அது பொருந்தாது. ஆனால் மூளை அடைப்புக்கு இணையான அவசரம் இது என்று உணர்த்துவதால் அந்தச் சொல்லை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். எழுத்தில் 'விழித்திரைத் தமனி அடைப்பு' போதும். மருத்துவமனை வாசலில் அதுகூட வேண்டாம். 'ஒரு கண்ணுல திடீர்னு பார்வை போயிடுச்சு, வலி இல்ல, இத்தனை மணிக்கு ஆச்சு' என்று, பக்கவாதத்துக்கு அவசர சிகிச்சை தரும் இடத்தில் சொன்னால் போதும்.