ஒரு மைக், ஐந்து வாத்தியங்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கிளிஞ்ச் மலையடிவாரத்தில், ஹில்டன்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு என்ற கொட்டகையில் சனிக்கிழமை மாலைகளில் கச்சேரி நடக்கும். 1927இல் பிரிஸ்டல் நகரில் விக்டர் கம்பெனிக்காகப் பாடி, மலைநாட்டுப் பாட்டுகளை இசைத்தட்டில் ஏற்றிப் புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் சொந்த மண் அது. அந்த வீட்டு மகள் ஜேனட் கார்ட்டர் 1974இல் அப்பாவின் பழைய மளிகைக் கடைக்குள்ளேயே கச்சேரிகளைத் தொடங்கினார். கூட்டம் அதிகமாகி இடம் போதாமல் போக, 1976இல் பக்கத்தில் கொட்டகை எழுந்தது. ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள், மேடைக்கு முன்னால் இருக்கும் தரையில் ஆடுவார்கள். மது கிடையாது. மின்சார வாத்தியமும் கிடையாது. அந்த வீட்டு மருமகன் ஜானி கேஷுக்கு மட்டும் இந்த இரண்டாவது விதியில் சலுகை இருந்தது. அவர் கடைசியாகக் கச்சேரி செய்ததும் அங்கேதான், 2003 ஜூலை 5 அன்று.

மின்சார வாத்தியம் கூடாது என்பதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அங்கே ஒலிக்கும், மலைநாட்டுப் பாட்டிலிருந்து கிளைத்த ப்ளூகிராஸ் இசையைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் வேறொன்று புலப்படும். பான்ஜோ, மாண்டலின், ஃபிடில் (நம் வயலின்தான்), கிதார், நிற்க வைத்து வாசிக்கும் டபுள் பேஸ், இவைதான் வழக்கமான ஐந்து. டிரம்ஸ் இல்லை. பான்ஜோவின் சத்தம் காதைத் துளைக்கும், கிதாரின் சத்தம் அதில் பாதிகூட வராது. இவ்வளவு ஏறுமாறான வாத்தியங்களை ஒலிப்பொறியாளர் யாருமின்றி எப்படிச் சமன் செய்கிறார்கள்? சமன் செய்யும் வேலை இந்த இசையின் கட்டமைப்புக்குள்ளேயே இருக்கிறது. யார் எப்போது வாசிக்கிறார், எந்தச் சுரப்பரப்பில் வாசிக்கிறார், மேடை நடுவே இருக்கும் ஒரே மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன.

முதலில் பான்ஜோ. நம் பழைய வகைப்பாட்டில் இதை எங்கே வைப்பது? தந்தி இருப்பதால் நரம்புக்கருவி, முகத்தில் தோல் போர்த்தியிருப்பதால் தோற்கருவி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த கருவி இது. சுரைக்குடுவையில் தோல் கட்டி, அதன்மேல் தந்தி இழுத்த கருவிகள் காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் இன்றும் உண்டு. இன்றைய பான்ஜோவில் சுரைக்காய்க்குப் பதில் மர வளையம், ஆட்டுத்தோலுக்குப் பதில் மைலார் பிளாஸ்டிக். மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சத்தம் மங்கிவிடும், மைலாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கிதார் தந்தியை மீட்டினால் சில நொடிகள் கேட்கும். பான்ஜோ தந்தியோ டங்கென்று ஓங்கி ஒலித்து உடனே அடங்கிவிடும். தந்தி மிக மெல்லியது, அதனால் தன்னந்தனியாகக் காற்றை அசைக்க முடியாது. குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் சின்னக் கட்டை, வழியாகத் தன் அதிர்வை ஓர் அகலமான பரப்புக்குக் கொடுத்தால்தான் நமக்கு ஒலி கேட்கும். கிதாரில் அந்தப் பரப்பு விறைப்பான மரப்பலகை. பான்ஜோவில் அது 28 செ.மீ. அகலமுள்ள மெல்லிய சவ்வு. பரப்பளவையும் தடிமனையும் வைத்துக் கணக்குப் போட்டால் அதன் எடை இருபது கிராமை ஒட்டி வரும், அதன்மேல் உட்காரும் குதிரை இரண்டு கிராம்தான். கிதார்ப் பலகையின் எடை இதைப்போலப் பல மடங்கு. எடை குறைந்த சவ்வைத் தந்தி எளிதில் ஆட்டிவிடும், சவ்வும் காற்றை எளிதில் தள்ளிவிடும். ஆனால் தந்தியிடம் இருக்கும் ஆற்றலோ ஒரு மீட்டலில் விரல் கொடுத்த அளவுதான். சம்பளம் வந்த அன்றே மொத்தத்தையும் செலவழிப்பவரைப் போல, பான்ஜோ அதை முதல் நொடிக்குள் ஏறக்குறைய முழுவதுமாக இறைத்துவிடுகிறது. சத்தம் பெரிதாக இருப்பதும் ஆயுள் குறைவாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

பான்ஜோ ஒலியில் ஓர் உலோகக் கணகணப்பும் உண்டு, அதற்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. சொன்னவர் டேவிட் பொலிட்சர். அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசை பற்றிய ஆய்வுக்காக 2004இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், பான்ஜோ பைத்தியமும்கூட. சவ்வு தொளதொளப்பானது என்பதால் குதிரை கணிசமாக மேலும் கீழும் ஆடுகிறது. ஆடும்போதெல்லாம் தந்தி சற்றே இழுபட்டு, சற்றே தளர்கிறது. அதனால் அதன் சுருதியும் நொடிக்குப் பல நூறு முறை மிக நுண்ணிய அளவில் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் தந்தியில் இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்குகிறது, நம் காது அவற்றைத்தான் கணகணப்பாகக் கேட்கிறது. இதைப் பற்றி 2014இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். நோபல் பரிசுக்குப் பிறகு இப்படிப்பட்ட வேலையில் இறங்கியவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒலி உடனே அடங்கிவிடும் கருவியில் நீட்டி முழக்கி வாசிக்க முடியாது. இடைவெளியை மேலும் மேலும் சுரங்களால் நிரப்ப வேண்டும். வட கரோலினாவின் மலையடிவாரப் பகுதியில் மூன்று விரல் வாசிப்பு ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. அதைத் துல்லியமாகச் செதுக்கி உலகறியச் செய்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். 1945 டிசம்பரில், தன் 21ஆம் வயதில், பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். கென்டக்கிக்காரரான மன்றோ தன் மாநிலத்தின் செல்லப்பெயரைக் குழுவுக்குச் சூட்டியிருந்தார், அதுவே பின்னால் இந்த இசைக்கும் பெயராயிற்று. ஸ்க்ரக்ஸின் கணக்கு இது: ஒரு தாளச் சுற்றுக்கு எட்டுச் சுரம், வாசிப்பது மூன்று விரல். எட்டை மூன்றால் வகுத்தால் மீதி வரும். அதனால் 3+3+2 என்று பிரிகிறது. விரல்களின் சுற்று ஓரிடத்தில் முடியும், தாளத்தின் அடி வேறிடத்தில் விழும், இரண்டும் எட்டாவது சுரத்தைத் தாண்டியதும் மீண்டும் சந்திக்கும். கேட்பவருக்கு உருண்டோடுவது போன்ற உணர்வு வருவது இந்த முரணால்தான். வேகமான பாட்டில் நொடிக்குப் பத்துச் சுரம்வரை விழும். கிதார்போல ஒவ்வொரு சுரமும் நீண்டு ஒலித்தால் இந்த வேகத்தில் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். பான்ஜோவின் குறைந்த ஆயுள்தான் இங்கே அதற்குக் கைகொடுக்கிறது.

சரி, டிரம்ஸ் இல்லாத குழுவில் தாளம் யார் பொறுப்பு? பேஸும் மாண்டலினும்தான். பேஸ் ஒன்றாம், மூன்றாம் அடிகளில் தும் என்று விழும், மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் சக் என்று வெட்டும். அந்த ‘சக்’ எப்படி வருகிறது என்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். இடது கை விரல்கள் மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) நாலு ஜோடித் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கின்றன. வலது கை ஒரே வீச்சாகக் கீழே இறங்குகிறது. அடி விழுந்த அடுத்த கணமே இடது கை தளர்ந்துவிடுகிறது. விரல்கள் தந்தியை விட்டு விலகுவதில்லை, அழுத்தம் மட்டும் போகிறது. விரல்சதையே தந்தியின் அதிர்வை விழுங்கிவிடும். மிஞ்சுவது, நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத ஒரு வெட்டு. டிரம்ஸில் ஸ்னேர் என்ற சின்ன முழவு செய்யும் வேலை இது. பேஸ் அடியிலுள்ள தாழ்ந்த அதிர்வெண்களில், மாண்டலின் உச்சியில், அதுவும் வெவ்வேறு அடிகளில் ஒலிப்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறவே ஏறாது.

மன்றோ வாசித்த மாண்டலின் கிப்சன் எஃப்-5 வகை, 1923 ஜூலை 9 என்று தேதியிட்டு வடிவமைப்பாளர் லாய்ட் லோர் கையெழுத்திட்டது. 1985இல் யாரோ அவர் வீட்டுக்குள் நுழைந்து அதை அடித்து நொறுக்கினார்கள். கிப்சன் கம்பெனி சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டிச் சரிசெய்து கொடுத்தது. அந்த வாத்தியம் இப்போது நாஷ்வில் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபிடிலுக்கு வில் இருக்கிறது. வில் இழுபடும்வரை ஆற்றல் போய்க்கொண்டே இருக்கும், ஒலியும் நீளும். பான்ஜோவின் பொட்டுப் பொட்டான சுரங்களுக்கு அடியில் அது ஒரு நீண்ட கோடு போடுகிறது. கிதார் தாளத்தைத் தாங்கிப் பிடித்து, பாட்டு வரி முடியும் இடங்களில் கீழ்த்தந்திகளில் சின்னதாய் ஓர் ஓட்டம் ஓடிவிட்டு நிற்கும்.

இப்போது மைக்குக்கு வருவோம். 1940களின் வானொலி நிலையங்களில் பெரும்பாலும் ஒரே மைக்தான் கொடுப்பார்கள். அந்த நெருக்கடியில் பிறந்த பழக்கம், ஒலிக்கருவிகள் பெருகியதும் மறைந்து, 1990களில் டெல் மெக்கூரி போன்றவர்களின் குழுக்களால் மறுபடி மேடைக்கு வந்தது. மேடை நடுவே ஒரே ஒரு மைக். ஐந்து பேரும் அதைச் சுற்றி அரைவட்டமாக நிற்பார்கள். தனி வாசிப்பு வந்தவர் முன்னே வருவார், முடிந்ததும் ஒரு பக்கமாக நழுவுவார், மறுபக்கத்திலிருந்து அடுத்தவர் நுழைவார். கிதார்க்காரர் வாத்தியத்தை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்து மைக்கிடம் நீட்டுவார். பான்ஜோக்காரர் அவ்வளவு கிட்டே வரவே மாட்டார். ஃபிடில்காரரின் வில் யார் கண்ணிலும் படாமல் எல்லாரும் தலையை ஒதுக்கிக்கொள்வார்கள். பார்ப்பதற்கு நடனம்போல் இருக்கும். ஒலிப்பொறியாளர் விரலால் ஏற்றி இறக்குவதை இவர்கள் காலால் செய்கிறார்கள்.

தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மைக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒருவர், 120 செ.மீ. தள்ளி மற்றவர்கள் என்றால் தூரம் நான்கு மடங்கு, வித்தியாசம் 12 டெசிபல். அதாவது ஒலிச்செறிவில் 16 மடங்கு. மூன்றடி பின்னால் நகர்ந்தாலே இவ்வளவு கிடைக்கிறது.

ஆளுக்கொரு மைக் வைத்தால் இன்னும் தெளிவாக இருக்காதா? எப்போதும் அப்படியில்லை. பான்ஜோ ஒலி தன் மைக்கில் மட்டுமா விழும்? பக்கத்து மைக்கிலும் விழும், சற்றுத் தாமதமாக. 34 செ.மீ. கூடுதல் தூரம் என்றால் தாமதம் ஒரு மில்லிநொடி. இரண்டும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுகிறது. வலிமை ஏறக்குறைய சமமாக இருந்தால் அந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். வாசிப்பவர் அசைந்தால் தூரம் மாறி, காணாமல் போகும் அதிர்வெண்களும் மாறும். குழாய்க்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒலி நெளிவது இதனால்தான். ஒரே மைக்கில் இப்படிக் கலக்க இரண்டாவது பாதை இல்லை. அப்புறம் அந்தக் கூச்சல், மைக் ஸ்பீக்கரின் ஒலியையே மறுபடி விழுங்கிக் கீச்சிடுவது. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் கூச்சல் வராமல் ஒலியை ஏற்றக்கூடிய வரம்பில் 3 டெசிபல் குறையும். எட்டு மைக் என்றால் 9 டெசிபல் போச்சு.

நெருங்கி நிற்பதில் தாளத்துக்கும் லாபம். இரண்டு மீட்டர் தூரத்தை ஒலி 6 மில்லிநொடியில் கடந்துவிடும். பெரிய மேடையில் பத்து மீட்டர் தள்ளி நின்றால் ஏறத்தாழ 29 மில்லிநொடி ஆகும். நொடிக்குப் பத்துச் சுரம் என்றால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 100 மில்லிநொடிதான், அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தாமதத்திலேயே போய்விடும். அதனால்தான் பெரிய மேடைகளில் இசைஞர்களின் காலடியில் தனி ஸ்பீக்கர் வைக்கிறார்கள். ஒற்றை மைக் குழு அதையும் தவிர்த்துவிடுகிறது, நேரடியாகவே ஒருவரையொருவர் கேட்கிறார்கள்.

மூன்று பேர் சேர்ந்து பாடும்போது தலைகள் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும். நடுவில் முதன்மைக் குரல், மேலே டெனர், கீழே பாரிடோன். வாத்தியத்தைப்போல மெட்டுக் கம்பிகள் கட்டுப்படுத்தாத குரல், காதுக்கு இனிமையான 5:4 என்ற அதிர்வெண் விகிதத்துக்குத் தானாக வழுக்கிப் போகும். கர்நாடக இசைக்காரர்கள் அந்தர காந்தாரம் என்று அறிந்த இடம்தான் அது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து மெட்டு பதித்த பான்ஜோவில் அதே சுரம் சற்று ஏறி நிற்கிறது. ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ் என்றால், தூய விகிதப்படி பி தந்தி 245 இருக்க வேண்டும், சுருதி பார்க்கும் கருவி காட்டுவதோ 247ஐ ஒட்டி. இந்த இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம் மேல் அதிர்வுகளில் பெருகி, நொடிக்கு எட்டு முறை துடிக்கும் ஒரு நடுக்கமாகக் கேட்கும். எனவே பல பான்ஜோக்காரர்கள் பி தந்தியை மட்டும் ஒரு மயிரிழை இறக்கி வைக்கிறார்கள்.

ஒற்றை மைக்குக்கும் குறைகள் உண்டு. தூரத்தில் நிற்பவர்களையும் பிடிக்க வேண்டியிருப்பதால் அதன் ஒலியைக் கூடுதலாகத் திறக்க வேண்டும், கூச்சல் அபாயம் அந்த வழியில் திரும்பி வரும். ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால் தள்ளி, மைக் கேட்காத முதுகுப்பக்கம் அவற்றை நோக்கும்படி வைத்து ஓரளவு சமாளிக்கலாம். திறந்தவெளியில் காற்றடித்தால் அதுவும் கஷ்டம். பில் மன்றோ 1967இல் தொடங்கி, இந்தியானாவின் பீன் ப்ளாசமில் இன்றும் நடக்கும் விழாவைப் போன்ற பெரிய கூட்டங்களில் ஆளுக்கொரு மைக்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். இருநூறு, முந்நூறு பேர் உட்காரும் ஊர்க் கொட்டகைதான் ஒற்றை மைக்குக்குச் சரியான அளவு என்பது என் கணிப்பு.

அங்கேயும் ஒரு சின்னத் திருட்டுத்தனம் நடக்கும். ஆளுயர பேஸைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்க முடியாது. பின்னால் நிற்கும் அதன் தாழ்ந்த சுரங்கள் மைக்கை வந்தடைவதற்குள் மெலிந்துவிடும். அதனால் பல குழுக்கள் பேஸின் குதிரைக்கடியில் அதிர்வை மின்குறியாக மாற்றும் ஒரு சின்ன பிக்கப்பைச் செருகி, தனி ஒயரில் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடுகின்றன. ஒற்றை மைக் கச்சேரி என்றுதான் நோட்டீஸில் போட்டிருக்கும், அந்த ஒயரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.