எரெண்டல் என்கிற ஒற்றைப் புள்ளி

2022 மார்ச்சில், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் இருந்த ஒரு புள்ளிக்கு வானியலாளர்கள் எரெண்டல் என்று பெயர் வைத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் விடிவெள்ளி என்று பொருள். அந்த ஒளி கிளம்பியபோது பேரண்டத்தின் வயதே சுமார் 90 கோடி ஆண்டுதான். நம்மிடம் வந்து சேர 1290 கோடி ஆண்டு ஆகியிருக்கிறது.

அவ்வளவு தூரத்தில் ஒரு முழு கேலக்ஸியே மங்கல் திட்டாகத்தான் தெரியும். தனி விண்மீனைப் பிரித்துப் பார்க்க ஹபிளின் 2.4 மீட்டர் ஆடி எந்த மூலைக்கு? கைகொடுத்தது, வழியில் இருந்த ஒரு கேலக்ஸிக் கூட்டம். அதன் பெரும் நிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே வளைக்கிறது; பின்னாலிருந்து வரும் ஒளியும் வளைந்து குவிகிறது. இதுதான் ஈர்ப்பு வில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குவியாது. காலி எவர்சில்வர் டம்ளரைச் சாய்ந்த வெயிலில் வைத்துப் பாருங்கள். அடியில் பளிச்சென்று ஒரு வளைகோடு விழும். கோட்டை விட்டு நகர்ந்தால் சாதாரண வெளிச்சம்தான். டம்ளரில் ஒளி பட்டுத் திரும்புகிறது, விண்ணில் வளைகிறது. கோடு பிறக்கும் விதம் ஒன்றுதான். எரெண்டல் அப்படியொரு கோட்டை ஒட்டி இருப்பதால் ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாகத் தெரிகிறது.

அதற்குச் சாட்சி படத்திலேயே இருக்கிறது. எரெண்டலின் கேலக்ஸி மெல்லிய வில்லாக இழுபட்டுக் கிடக்கிறது. அதில் ஒரே விண்மீன் கொத்து, கண்ணாடியில் பார்த்தது போல, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தெரிகிறது. நட்டநடுவில் எரெண்டல் மட்டும் ஜோடியில்லாமல் நிற்கிறது. அதன் இரு பிம்பங்களும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டன. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

இதே புள்ளியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியாலும் பார்த்தார்கள். ஹபிள் இருக்க, வெப் எதற்கு? பேரண்டம் விரிந்ததில் அந்த ஒளியின் அலைநீளம் 7 மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. புறஊதாவாகவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவும் கிளம்பியதில் பெரும்பகுதி அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. வெப்பமும் அகச்சிவப்பாகவே வெளிப்படும் என்பதால், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, வெயில் மறைப்புக்குப் பின்னால் குளிர்ந்து இருந்தபடி பார்க்கிறது வெப்.

அப்படிப் பார்த்ததில் முதலில் சூரியனைப் போல் இருமடங்குக்கு மேல் சூடான விண்மீன் என்றார்கள். 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, இது விண்மீன் கொத்தாகவும் இருக்கலாம் என்கிறது. தனி விண்மீன் என்றால், இடையிலுள்ள கூட்டத்தின் சிறு விண்மீன்கள் குறுக்கிடும்போது பிரகாசம் ஏறி இறங்க வேண்டும். கொத்து என்றால் பெரிதாக மாறாது. அதனால்தான் அந்தப் புள்ளியைத் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டியிருக்கிறது.