நான்கு எண்கள் சொல்லும் சேதி: பழைய அம்பாசிடரில் கம்ப்ரெஷன் எங்கே கசிகிறது?

ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது (விட்டு விட்டு எரிகிறது). வேகம் பிடித்ததும் காணாமல் போகிறது. பிளக் மாற்றியாயிற்று, பாயிண்ட் தேய்த்தாயிற்று, கார்புரேட்டரும் கழுவியாயிற்று. அப்படியும் தீரவில்லை என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் அழுத்தம் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். 600 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 600 சுற்றில்) பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்கு ஏற 0.05 விநாடி ஆகும். 3,000-ல் 0.01 விநாடிதான். ஓட்டை அதேதான், கசிய நேரம் ஐந்தில் ஒரு பங்காகிவிடுவதால் வேகத்தில் குறை தெரிவதில்லை.

அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் சுமார் 73 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 89 மி.மீ. அதாவது ஒரு சிலிண்டருக்கு 372 மி.லி. கம்ப்ரெஷன் விகிதம், அதாவது உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, 7.2 என்று கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 60 மி.லி. இந்த 60 மி.லி.யை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிளக் துளையில் வைத்து சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் எவ்வளவு காட்ட வேண்டும்? வளிமண்டல அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ.யை (பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அலகு) 7.2-ஆல் பெருக்கினால் 106. கேஜ் வளிமண்டலத்துக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டுவதால் 91. ஆனால் நெருக்கும்போது காற்று சூடாகும், சூடான காற்று இன்னும் பலமாகத் தள்ளும். அந்தச் சூடு துளியும் வெளியேறாவிட்டால் 200-ஐத் தாண்டிவிடும். நடப்பில் சிலிண்டர் சுவர் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பிஸ்டன் ஏறத் தொடங்கிய பிறகுதான் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வும் மூடுகிறது. ஆகவே நல்ல எஞ்சின் நடுவில், சுமார் 120 முதல் 150-க்குள் நிற்கும். இடமும் எண்ணை மாற்றும். சமவெளியில் 140 காட்டும் எஞ்சின், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் ஏறக்குறைய 107 காட்டும். அதைப் பார்த்து எஞ்சினைப் பிரித்தால் வீண் செலவு. தனி எண்ணைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். மிகக் குறைந்தது, மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்கும் கீழே போனால் கோளாறு உறுதி.

அளப்பதற்கு முன் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை, பாருங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக உட்காராது. நல்ல வால்வும் எரிந்த வால்வு போலவே எண் காட்டும். இடைவெளியைச் சரிசெய்ய இந்த எஞ்சினுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: எட்டு வால்வுகளை வரிசையாக எண்ணினால், திறந்த வால்வின் எண்ணையும் சரிசெய்யும் வால்வின் எண்ணையும் கூட்டினால் 9. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை.

பிறகு எஞ்சினைச் சூடேற்றி நிறுத்துங்கள். பிளக்கில் பொறி வராமலிருக்க, இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் செல்ஃப் மோட்டார் திணறி எண் குறையும். சோக் திறந்திருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை ஒருவர் அடிவரை மிதித்தே இருக்க வேண்டும். காற்றே உள்ளே வராவிட்டால் எதை நெருக்குவது? பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை வைத்து, ஆறு அடி (ஊசி ஆறு முறை துள்ளும்வரை) செல்ஃப் சுற்றுங்கள். கடைசி எண்ணை மட்டுமல்ல, முதல் அடியில் ஊசி எங்கே ஏறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் தேய்ந்திருந்தால் முதல் அடியில் குறைவாக இருந்து ஒவ்வோர் அடிக்கும் படிப்படியாக ஏறும். வால்வு எரிந்திருந்தால் முதல் அடியில் நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகராது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால், நடுவே ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம்.

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. குறைந்த சிலிண்டரில் 5 மி.லி., ஒரு தேக்கரண்டி, எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும்; எண் தாவினால் தேய்மானம் ரிங்கில் அல்லது போரில் (சிலிண்டரின் உட்சுவரில்). வால்வுக்கு எண்ணெய் எட்டாது என்பதால் அங்கே கசிந்தால் எண் அசையாது. இங்கேதான் அந்த 60 மி.லி. வருகிறது. 5 மி.லி. எண்ணெய் இடத்தை 55 ஆக்கி விகிதத்தை 7.2-லிருந்து 7.8 ஆக்கிவிடும். கை தாராளமாகி 15 மி.லி. ஊற்றினால் 9.3! அப்போது எண் ஏறியது ரிங்கினாலா, எண்ணெய் இடத்தை அடைத்ததாலா என்று சொல்லவே முடியாது. சிறிய ஏற்றத்தை மட்டும் வைத்து ரிங்கைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் தீராவிட்டால் கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காதால் கேட்பது எல்லாவற்றையும்விடத் தெளிவு. அந்தச் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கட்டும். வண்டி டாப் கியரில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சின் சுழலக்கூடும் என்பதால் எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடிக் கம்பியை முன்னால் செருகிவைக்கவே கூடாது. பிளக் துளை வழியே 80 பி.எஸ்.ஐ. கொடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்ஸர் வாயில் கேட்டால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சீற்றம் வருகிறதா, ரிங். கொஞ்சம் கேட்பது எல்லா எஞ்சினிலும் இயல்பே. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல்.

பல ஆண்டு ஷெட்டில் கிடந்த வண்டியில் ரிங் கரியோடு ஒட்டி இறுகியிருப்பது சாதாரணம். சிலிண்டரில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். எண்கள் தாமாகவே ஏறிவிடுவதுண்டு.

எக்ஸாஸ்ட் வால்வுதான் தவறு என்று தெரிந்தால், அரைத்து உட்காரவைப்பதோடு நிறுத்தாதீர்கள். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. எரிந்த ஈயத்தின் மெல்லிய படலம் அதுவரை வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெத்தைபோல இருந்து, சூட்டில் இரண்டும் நுண்ணளவில் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. இப்போது பழைய வார்ப்பிரும்பு இருக்கை மெல்ல அரிக்கப்பட்டு வால்வு ஹெட்டுக்குள் இறங்குகிறது. டேப்பெட் இடைவெளி தானாகவே குறைகிறது. முதலில் இறுகுவது பெரும்பாலும் நடுவில் உள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளாக இருக்கும். இரண்டும் ஒரே புகைவழியைப் பகிர்வதால் அந்த இடம் கூடுதலாகக் கொதிக்கிறது. ஹெட்டைக் கழற்றியதும் கழற்றியபடி லேத் பட்டறைக்குக் கொடுத்து, நான்கு எக்ஸாஸ்ட்டுக்கும் கடினமான உலோக இருக்கை வளையம் பொருத்திவிடுங்கள்.