முதல் இலையை நம்ப வேண்டாம்

மழை நின்று பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். தொட்டி ஓரம், மதில் விரிசல், மரத்தடிச் சருகு, தண்ணீர் சொட்டும் குழாயடி என எங்கும் ஏதோ ஒரு முளை இரண்டு இலையை விரித்துக்கொண்டு நிற்கும். களை என்று நாம் பிடுங்கிப் போடுவதில் நிறைய மரக்கன்றுகளும் இருக்கும். மரத்தைத் தட்டில் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க் கலைஞர்களுக்கு இவை சும்மா கிடைக்கும் சொத்து. மலையில் தானாக வளர்ந்து முதிர்ந்த மரத்தைத் தோண்டி எடுத்து வருவதை ஜப்பானியர்கள் 'யமதோரி' என்பார்கள். விதை போட்டு வளர்த்தால் அது 'மிஷோ'. தானாக முளைத்த கன்று இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். விதைத்தது காற்றோ காக்கையோ, வளர்ப்பது மட்டும் நாம்.

சரி, எடுத்து வந்தது என்ன மரம்? பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பெயர் தெரிந்துகொள்வது பெருமைக்காக அல்ல. வேரை எவ்வளவு வெட்டலாம், பழைய மண்ணை உதறலாமா, பின்னாளில் இலை சிறுக்குமா என்பதெல்லாம் பெயர் தெரிந்தால்தான் தெரியும். நானே ஒருமுறை வேம்பு என்று நினைத்து மூன்று மாதம் ஒரு கன்றைப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். அப்புறம்தான் பக்கக் காம்புகளிலும் சிற்றிலைகள் வரிசை கட்டி வந்தன. வேம்பில் நடுக்காம்பின் இருபுறமும் ஒரே வரிசைதான். காம்பு மறுபடி கிளைத்துச் சிற்றிலை விட்டால் அது மலைவேம்பு. ஒன்றுக்கொன்று உறவுதான், ஆனால் சின்ன வயதில் ஏமாற்றிவிடும்.

ஏமாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. முளையில் முதலில் தெரிவது உண்மையில் இலையே அல்ல, வித்திலை. விதைக்குள் மடிந்து கிடந்த உணவுப் பை அது. புளியங்கன்று தடித்த இரண்டு வித்திலைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு வெளியே வரும். மாவும் ஓக்கும் வேறு மாதிரி. அவற்றின் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, தண்டு மட்டும் மேலே வரும். அப்படிப்பட்ட கன்றின் அடியில் விரலால் மெல்ல மண்ணை விலக்கினால் விதையின் ஓடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைவிட நல்ல அடையாள அட்டை கிடையாது.

வித்திலைக்கு அடுத்து வரும் நிஜ இலைகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வேம்பின் முதல் இலைகள் எதிரெதிரே, மூன்று மூன்று சிற்றிலைகளோடு வரும். வளர்ந்த மரத்தில் பல சிற்றிலைகள் சேர்ந்த நீண்ட கூட்டிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். ஹவாய்த் தீவுகளின் கோவா மரம் இன்னும் வேடிக்கை. கன்றாக இருக்கும்போது தொட்டாற்சிணுங்கி போலப் பொடிப்பொடிச் சிற்றிலைகள். வளர வளர அவை மறைந்து, இலைக்காம்பே தட்டையாகி அரிவாள் போல் ஆகிவிடும். இந்த மாற்றம் நடக்கும் வயதில் ஒரே கிளையில் இரண்டு வகை இலையும் இருக்கும். தைலமரத்தில் இலையின் வடிவம் மட்டுமல்ல, அடுக்கும் மாறுகிறது. இளங்கன்றில் காம்பில்லாத இலைகள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். முதிர்ந்த மரத்தில் நீண்ட இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொங்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வயது ஏறினாலும் மாறாதவற்றை. கசக்கினால் வரும் வாசனை அதில் ஒன்று. தைலமரக் கன்று எந்த வேடம் போட்டாலும் வாசனையில் மாட்டிக்கொள்ளும். தண்டில் இலை முளைக்கும் கணுவில் மொட்டு எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. முழு இலையின் காம்படியில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. கூட்டிலையைக் கிளை என்று நினைத்துக் குழம்புகிறவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

ஆல், அரசு, இச்சி, அத்தி ஆகியவை உள்ள குடும்பத்துக்கு ஒரு முத்திரையே உண்டு. நுனி மொட்டைச் சுற்றி ஒரு கூரான உறை மூடியிருக்கும். இலை விரியும்போது அந்த உறை உதிர்ந்து, தண்டைச் சுற்றி மோதிரம் போட்டது போல் ஒரு மெல்லிய தழும்பை விட்டுப்போகும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அத்திக் குடும்பம்தான். பால் மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், பால் வடியும் மரங்கள் ஏராளம். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தெரியாத கன்றைக் கிள்ளிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள், வாயில் வைத்தும் பார்க்காதீர்கள்.

அக்கம்பக்கத்தில் தாய்மரத்தைத் தேடுவதும் உதவும், ஆனால் பாதிதான். சிறகு வைத்த மேப்பிள் விதை தாயிலிருந்து அதிக தூரம் போவதில்லை. பறவையும் வௌவாலும் தின்று எச்சமிட்ட ஆல் விதையோ எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. தாய்மரத்தின் அடியில் கூட்டமாக நிற்கும் கன்றுகளைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1970-ல் சூழலியலாளர் டேனியல் ஜான்சனும் 1971-ல் இன்னொரு சூழலியலாளர் ஜோசப் கானலும் தனித்தனியாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். தாய்மரத்தை உண்ணும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அதன் அடியிலேயே குவிந்திருப்பதால், அங்கே முளைக்கும் பிள்ளைகள் பிழைப்பது கடினம் என்பதே அது. கூட்டத்திலிருந்து ஒன்றிரண்டை எடுத்தால் காட்டுக்குப் பெரிய நட்டம் இல்லை என்று இதிலிருந்து புரிகிறது. அதற்காக எங்கும் தோண்டலாம் என்று அர்த்தமில்லை. இடத்துக்கு உரியவரைக் கேட்க வேண்டும். காப்புக்காடு என்றால் கைவைக்கவே கூடாது.

எடுக்கும்போது நாம் உடைப்பது எதை? ஆணிவேரை வெட்டிவிட்டோமே என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாத வேர்த்தூவிகள். தண்ணீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு அவற்றுடையது. வேரை மண்ணிலிருந்து இழுத்த நொடியில் பெரும்பாலானவை அறுந்துவிடும். மேலே இலைகள் வழக்கம்போல ஆவியாக்கிக்கொண்டிருக்கும், கீழே வரவு நின்றுவிடும். கன்று வாடுவது அதனால்தான். இலைகளில் பாதியைக் கத்தரித்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் பையால் மூடி நிழலில் வைத்தால் செலவு குறையும், புது வேர் வர அவகாசம் கிடைக்கும். உரம் இப்போது வேண்டாம், புது வேர் ஓடிய பிறகு போதும்.

இந்த இடத்தில்தான் பெயர் கைகொடுக்கிறது. மதிலில் முளைத்த ஆலங்கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விரிசலுக்குள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து மெல்ல இழுத்தால், பல நேரம் விரல்நீள வேர்த்துண்டோடு வந்துவிடும். அடிப்பகுதி கிழங்கு போலப் பருத்திருக்கும். ஈரம் எப்போது கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் வாழ்ந்ததால் சேர்த்துவைத்த சேமிப்பு அது. இருக்கிற இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு இரண்டு மூன்று வாரம் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், நகத்தால் கீறிப் பார்த்துப் பச்சை தெரிந்தால் காத்திருங்கள். பைன் கன்றுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதன் வேரோடு பூஞ்சை இழைகள் பின்னிக்கிடக்கின்றன. தண்ணீரையும் பாஸ்பரஸையும் கொண்டுவந்து கொடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மண்ணை உதறிக் கழுவினால் அந்தக் கூட்டாளியையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம். பைனைப் பழைய மண்ணில் ஒரு பிடியோடுதான் பெயர்க்க வேண்டும்.

போன்சாய்க்காரர்கள் ஒரு மரத்தை முதலில் பார்ப்பது தூரில்தான். மண்ணைக் கவ்விக்கொண்டு நாலாபக்கமும் பரவும் வேருக்கு ஜப்பானிய மொழியில் 'நெபாரி' என்று பெயர். கன்றுப் பருவத்தில்தான் இதை எளிதாக உருவாக்க முடியும். ஆணிவேரின் நுனி இருக்கும்வரை பக்கவேர்கள் அடங்கியே கிடக்கும். நுனியை நறுக்கினால், தண்டிலிருந்து இறங்கிவரும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வெட்டுக்கு மேலே தேங்கி, அங்கிருந்து பக்கவேர்கள் கிளம்பும். பைனில் இதைத் துணிச்சலாகச் செய்வார்கள். சில வாரமே ஆன நாற்றை வித்திலைக்குக் கீழே வேரே இல்லாமல் வெட்டி, தண்டை மணலில் நட்டுவிடுவார்கள். பிழைக்கும் நாற்றில் வெட்டின் விளிம்பைச் சுற்றி வட்டமாக வேர் வரும்.

தொட்டி மண்ணைப் பற்றி ஒன்று. குளிக்கும் ஸ்பாஞ்சை நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள், சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும்! தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. அடியில் தண்ணீர் தேங்கும் அடுக்கின் உயரம் மண்ணின் பொடித்தன்மையைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது அல்ல. ஆழமான தொட்டியில் அது அடியிலேயே நின்றுவிடும், ஆழமில்லாத தட்டில் வேர் முழுக்க அதற்குள் மூழ்கும். தட்டுக்குப் பொடிமண் ஆகாது, சலித்த செங்கல் உடைசலும் பருமணலும் வேண்டும் என்பது இதனால்தான். அதிகம் நனைந்த நாற்று கழுத்தில் அழுகிச் சாயும்.

ஆனால் தட்டுக்கு ஏன் இத்தனை அவசரம்? போன்சாய்க்குக் குட்டை மரபணு எதுவும் கிடையாது. தரையில் நட்டால் அந்த ஆலங்கன்று முழு ஆலமரமாகும். தட்டில் வைத்த மரத்தின் தண்டு ஏறக்குறைய அதே தடிமனில் நின்றுவிடும், ஏனென்றால் தண்டைத் தடிக்கவைப்பது இலை. ஜப்பானிய ஆய்வாளர் ஷினோசாகியும் குழுவினரும் 1964-ல் இதைக் குழாய்க் கட்டு போலக் கற்பனை செய்தார்கள். ஒவ்வொரு அளவு இலைக்கும் ஒரு குழாய் வேரிலிருந்து ஓடுகிறது, அந்தக் குழாய்கள் சேர்ந்ததுதான் தண்டு. அடிமரம் பருக்க வேண்டுமானால் மேலே நிறைய இலை வேண்டும். கன்றைச் சில வருடம் தரையிலோ பெரிய தொட்டியிலோ தாறுமாறாக வளரவிட வேண்டும். குட்டை மரம் வேண்டும் என்பவர் முதலில் நெட்டை மரம் வளர்க்க வேண்டியிருக்கிறது. குச்சி நட்டுக் கட்டிவைக்கவும் வேண்டாம். காற்றில் ஆடும் தண்டு உயரத்தைக் குறைத்துக்கொண்டு தடிக்கும். தாவரவியலாளர் மோர்டெகாய் ஜாஃபி 1973-ல் தொட்டுத் தடவிய செடிகளிலேயே இதைக் காட்டினார்.

அடிமரம் மனதுக்குப் பிடித்த தடிமனுக்கு வந்ததும், சாணுயரத்தில் வெட்டிவிடுவார்கள். முதன்முறை வெட்டும்போது கை நடுங்கும். அத்தி வகைகளில் வெட்டுக்குக் கீழே எங்கிருந்து வேண்டுமானாலும் துளிர் வரும். பைனிலோ பச்சை ஊசி ஒன்றாவது மிச்சமில்லாத இடத்தில் வெட்டினால் பெரும்பாலும் அத்தோடு சரி. துளிர்களில் ஒன்றைத் தலைவனாக்கி வளர்த்து, மறுபடி வெட்டி, மறுபடி வளர்த்தால் அடி பருத்து நுனி சிறுத்த வடிவம் வரும்.

மரத்தின் தூர்ப்பகுதி வயதில் மூத்ததாக இருந்தாலும் வளர்ச்சிக் கணக்கில் இளமையாகவே இருக்கும். அதனால் அடியிலிருந்து வரும் துளிரில் சில மரங்கள் கன்றுப்பருவ இலையை மறுபடி விடும். ஜூனிப்பரை அளவுக்கு மீறி வெட்டினால், செதில் இலை விட்டுக்கொண்டிருந்த மரம் திடீரென்று குத்தும் ஊசி இலைகளாக விடத் தொடங்கும். வேறு மரம் ஒட்டிவிட்டதோ என்று சந்தேகமே வந்துவிடும். கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றிரண்டு வருடம் விட்டால் செதில் இலைகள் மெல்லத் திரும்பி வரும்.