கால்வோ: சொல்லும் பொருளும்

வீட்டில் லேசர் ஒளிக்காட்சி நடத்துபவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே கால்வோவுக்கு வந்துவிடும். “உங்க கால்வோ எத்தனை கே?”, “கால்வோ சூடாகுதா?” என்பார்கள். லேசரின் நிறம், வாட்டு எல்லாம் அப்புறம்தான். அதற்குக் காரணம் இருக்கிறது: லேசர் கதிரைத் திருப்பிப் படம் வரையும் உறுப்பு அதுதான்.

சுவரில் வட்டமாக, பூவாக, எழுத்தாகத் தெரிவது உண்மையில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி. கருவிக்குள் விரல்நகத்தைவிடச் சிறிய இரண்டு கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். ஒன்று கதிரை இடவலமாகத் திருப்பும், மற்றொன்று மேலும் கீழுமாக. கண்ணாடி பொருத்தியிருக்கும் தண்டைத் திருப்புகிற உறுப்புதான் கால்வோ. பார்க்க மோட்டார் மாதிரி இருக்கும், ஆனால் முழுச்சுற்று சுற்றாது. கொடுக்கும் மின்னோட்டத்துக்கு ஏற்பச் சில பாகைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும், அவ்வளவுதான். புள்ளி போதிய வேகத்தில் ஓடினால் நம் கண் அதைக் கோடாகச் சேர்த்துக்கொள்ளும். ஒரு வடிவத்தை முடித்து அடுத்ததற்குத் தாவும்போது லேசரை நொடியின் சிறு பங்குக்கு அணைத்துவிடுவார்கள். அணைக்காவிட்டால் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே தேவையில்லாத கோடு விழும்.

தோட்டத்துச் சுவரில் பச்சைப் புள்ளிகளை இறைக்கும் மலிவான விளக்குகளில் கால்வோ கிடையாது. அவற்றில் இருப்பது விளிம்பு விளைவுக் கீற்றணி. ஒரு கதிரைப் பல நூறு கதிர்களாகப் பிரிக்கும், ஆனால் எதையும் வரையத் தெரியாது.

இனி, பெயர் வந்த வழி. இத்தாலியின் பொலோன்யா நகரத்து உடற்கூறியல் அறிஞர் லூயிஜி கால்வானி, இரண்டு உலோகங்கள் தொட்டதும் இறந்த தவளையின் கால் துடிப்பதைக் கண்டு, 1791இல் அதைப் பற்றி எழுதினார். மின்சாரம் தவளையின் உடலுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் முடிவு. இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா அதை மறுத்தார், அந்த வாதத்தில் பிறந்ததுதான் மின்கலம். கால்வானியின் விளக்கம் நிற்கவில்லை, பெயர் நின்றது. 1820இல் டென்மார்க் இயற்பியலாளர் எர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று காட்டினார். அதே ஆண்டில், அந்தத் திருப்பத்தை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவிக்குப் பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் ‘கால்வனாமீட்டர்’ என்று பெயர் வைத்தார். நம் பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் மீட்டர் சமனச்சுற்றில் முள்ளைச் சுழிக்குக் கொண்டுவரப் பாடுபட்டோமே, அந்தக் கருவியேதான். அதன் முன்பாதியைச் சுருக்கியே கால்வோ என்கிறார்கள்.

முள் எப்படிக் கண்ணாடியானது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1858இல் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். மறுமுனைக்கு வந்து சேர்ந்த மின்னோட்டம் கனமான முள்ளை அசைக்கப் போதவில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், ஒரு குட்டிக் கண்ணாடியின் முதுகில் காந்தத் துண்டுகளை ஒட்டிப் பட்டிழையில் தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்தார். விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் தள்ளியிருந்த அளவுகோலில் விழுந்தது. செய்தி வர வர ஒளிப்புள்ளி இடமும் வலமுமாக நகர்ந்தது, எழுத்தர் அதைப் படித்தார். காந்தம் அசைய, சுருள் அசையாமல் நிற்க, கண்ணாடி ஒளியைத் திருப்பும் அதே அமைப்புதான் இன்று வீட்டுக் கருவிகளில் இருக்கும் கால்வோவிலும் இருக்கிறது. விளக்கின் இடத்தில் லேசர் வந்தது. 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகத்தில் ஐவன் டிரையர் லேசேரியம் காட்சியைத் தொடங்கினார். இசைக்கு ஏற்ப லேசர் ஆடும் பொதுக்காட்சி பரவலானது அதிலிருந்துதான்.

‘எத்தனை கே’ என்ற கேள்வியில் ‘கே’ என்பது ஆயிரம். 30 கே என்றால் கதிர் நொடிக்கு 30,000 புள்ளிகளைத் தொட்டுச் செல்லும். இந்த எண்ணை, கதிர் விரியும் கோணத்தைச் சொல்லாமல் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. 8 பாகையில் 30 கே தாங்கும் கால்வோ, படத்தை அகலமாக்கினால் திணறும். சரிபார்க்க, பன்னாட்டு லேசர் காட்சிச் சங்கத்தின் சோதனைப் படம் உண்டு. அந்தப் படத்தின் கணினிக் கோப்பில் வட்டம் சதுரத்துக்கு வெளியே நிற்கும். சரியாகச் சீரமைத்த கால்வோவில் குறித்த வேகத்தில் ஓட்டினால், கண்ணாடியின் பின்தங்கலால் வட்டம் சுருங்கிச் சதுரத்தின் உள்ளே பக்கங்களைத் தொட்டபடி அமரும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மின்னோட்டமானி’ பொருந்தாது. மானி என்றால் அளப்பது, ஒளிக்காட்சியில் கால்வோ மின்னோட்டத்தை அளப்பதில்லை, அதற்குக் கீழ்ப்படிகிறது. என் தேர்வு ‘ஆடிவருடி’. குழியாடி, குவியாடி என்று பள்ளியிலேயே படித்த ஆடி இது, தவிர ஆடுவதும் அதன் வேலை. ஸ்கேனருக்கு ‘வருடி’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, இந்தத் தொழிலிலும் கால்வோ இணையை ஸ்கேனர் என்றே சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ‘ஆடிவருடி இணை’. லேசருக்குச் ‘சீரொளி’ இருக்கிறது, அலைகள் ஒரே சீராகச் செல்வதால் பொருத்தமான சொல். ஆனால் கடையில் பொருள் கேட்கும்போது கால்வோ என்றே கேளுங்கள், கட்டுரையிலும் பாடத்திலும் ஆடிவருடி வரட்டும்.

கால்வோ நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். படமாக விரிந்திருந்த ஆற்றல் முழுவதும் ஒரே புள்ளியில் குவியும். இந்தக் கருவிகளில் பல 500 மில்லிவாட்டைத் தாண்டிய, லேசர் அபாய வகைப்பாட்டில் 4ஆம் வகுப்பைச் சேர்ந்தவை. இமை மூடும் கால் நொடிக்குள் விழித்திரை கருகிவிடும். கண்ணாடி அசையவில்லை என்றால் கதிரைத் தானே அணைக்கும் காப்புச்சுற்று இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்கள் நிற்கும் இடத்தில் கதிர் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. பீரோக் கண்ணாடியும் சன்னல் கண்ணாடியும் அதன் வழியில் இருக்கக் கூடாது.